பிராங்ளின் மின்ற் வெள்ளிப் பதக்கங்கள்: ரசிக்க வாங்கலாம், விற்க வாங்கவேண்டாம்

1970களில் அமெரிக்காவின் பிராங்ளின் மின்ற் என்ற தனியார் நாணயச்சாலை அடித்து வெளியிட்ட வெள்ளி நினைவுப் பதக்கத் தொகுதிகள் இப்போது திருகோணமலை வரைக்கும் வந்து சேர்கின்றன. ஈபேயில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற மச்சான்மார் அங்குள்ள பழைய சாமான் ஏலங்களில் எடுத்து, ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. பெட்டியைத் திறந்தவுடன் வீட்டில் வருகிற முதல் கேள்வி, "வடிவாய்த்தான் இருக்கு, ஆனா வித்தா என்ன வரும்?" என்பதுதான். இந்த மதிப்பாய்வு அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது: உருக்கினால் வருகிற வெள்ளியின் விலை வரும். பெரும்பாலும் அதிலும் கொஞ்சம் குறைத்துத்தான் வரும். பெட்டி, சான்றிதழ், 'வரையறுக்கப்பட்ட வெளியீடு' என்ற அச்சு எல்லாம் சேர்ந்தும் அதற்கு மேலே பெரிதாக எதையும் கொண்டுவராது. இதைத் தெரிந்துகொண்டு, வெள்ளி விலையை ஒட்டிய விலைக்கு வாங்குகிறவருக்கு இவை அருமையான சாமான்கள். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு உதவும் என்று வாங்குகிறவருக்கு இவை ஏமாற்றம்.

ஏன் இப்படி ஆனது என்று விளங்கவேண்டுமானால் நிறுவனம் தொடங்கிய விதத்தைப் பார்க்கவேண்டும். ஜோசப் சீகல் என்பவர் 1964 இல் பென்சில்வேனியாவில் இதைத் தொடங்கினார். அமெரிக்காவின் பழைய வெள்ளி டொலர் நாணயங்களை வாங்க மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. அதே ஆண்டு, அமெரிக்க அரச நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநராக இருந்த கில்றோய் றொபேர்ட்ஸ் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். கென்னடி அரை டொலரின் முகப்பை வடித்தவர் அவர்தான். ஆகவே கைத்திறனில் குறை சொல்ல முடியாத ஆரம்பம். குறை விற்பனை முறையில் இருந்தது. குறித்த திகதிக்குள் எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அத்தனை தொகுதிகள் அடிக்கப்படும், பிறகு அச்சு அழிக்கப்படும். இதைத்தான் 'வரையறுக்கப்பட்டது' என்றார்கள். எல்லை வைத்தது திகதிக்கு, எண்ணிக்கைக்கு அல்ல. விருப்பப்பட்ட ஒவ்வொருவரும் வாங்கி முடித்த பிறகு, வாங்க ஆள் இல்லாத சந்தைதான் மிஞ்சும். விற்க வெளிக்கிட்டபோதுதான் அது தெரிந்தது. 1978 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'சிக்ஸ்ரி மினிற்ஸ்' நிகழ்ச்சி இதை வெளியே கொண்டுவந்தது: முகவர்கள் வெள்ளி விலைக்குத்தான் எடுக்கத் தயாராக இருந்தார்கள்.

வெள்ளி விலையும் அப்போது பெரிதாக இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ் இரண்டு டொலருக்கும் கீழே. 25 கிராம் ஸ்ரேளிங் (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி) பதக்கத்தில் இருப்பது 0.74 அவுன்ஸ் தூய வெள்ளி. அதாவது ஒன்றரை டொலர் பெறுமதி கூட இல்லை. விற்ற விலையோ அதைவிடப் பல மடங்கு. 1980 ஜனவரியில் வெள்ளி 50 டொலரை எட்டியபோது பெருந்தொகையான பதக்கங்கள் உலைக்குப் போயின. அதே ஆண்டு மார்ச் 27 இல் விலை சரிந்தது. மறுபடியும் அந்த 50 டொலரைத் தாண்ட 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாற்பத்தைந்து வருடத்தில் டொலரே எவ்வளவு தேய்ந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உருக்கியதால் சில தொகுதிகள் இன்று அரிதாகி இருக்கக்கூடும். ஆனால் அரிதான பொருளுக்கும் தேடுகிற ஆள் வேண்டும். இங்கே தேடுகிறவர்கள் குறைவு.

கையில் எடுத்தால் என்ன கிடைக்கிறது?

இந்த இடத்தில் பிராங்ளின் மின்றுக்கு முழுப் புள்ளி கொடுக்கத் தயங்கவேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை புரூஃப் வகை. அச்சின் தளத்தையும் வெள்ளித் தகட்டையும் கண்ணாடியாக மெருகிட்டு, அச்சில் உருவம் வரும் இடத்தை மட்டும் நுண்மணலால் சொரசொரப்பாக்கி, ஒரு தடவைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். அதனால் தளம் கண்ணாடியாகவும் உருவம் மங்கல் வெண்மையாகவும் வரும். வீட்டுக் கூரையின் ரியூப்லைற்றுக்குக் கீழே பிடித்துப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று வைத்துவிடுகிறவர்கள் இதைக் காண்பதே இல்லை. அறையின் மற்ற வெளிச்சத்தை அணைத்துவிட்டு, ஒரேயொரு மேசை விளக்கைப் பக்கவாட்டில், பதக்கத்தின் தளத்துக்கு 20 முதல் 30 பாகைச் சரிவில் வையுங்கள். பதக்கத்தை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்தால் ஒரு கோணத்தில் தளம் முழுக்கக் கருத்துப்போகும். உருவம் மட்டும் வெள்ளையாக எழும்பி நிற்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் எல்லாம் தலைகீழாக மாறி, தளம் வெளிச்சத்தை வீச உருவம் நிழலாகும். பத்து மடங்கு பெருக்கும் நகைக்காரர் லென்ஸ் ஒன்று இருந்தால் முடி, துணி மடிப்பு, கப்பலின் பாய்க் கயிறு எல்லாவற்றிலும் செதுக்கின கை தெரியும்.

செதுக்கும் முறையைத் தெரிந்து பார்த்தால் ரசனை இன்னும் கூடும். சிற்பி முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவில் பிளாஸ்ரரில் உருவத்தை வடிப்பார். அதை ஒரு குறுக்கும் பொறி தடவித் தடவி, சிறிய உருக்கு அச்சில் அதே வடிவத்தை வெட்டும். பெரிதில் அழகாக இருந்த நுணுக்கம் சிறிதில் நெரிசலாகிவிடும். திறமையான பதக்கச் சிற்பி முதலிலேயே எதை விடவேண்டும் என்று தீர்மானித்திருப்பார். பிராங்ளின் மின்ற் தொகுதிகளின் பலவீனமும் இங்கேதான். மாதம் ஒன்று என்று ஐம்பது, நூறு பதக்கம் அடிக்கவேண்டிய அவசரத்தில் பல வடிவங்கள் பாடப்புத்தகப் படம் போலாகிவிட்டன: முன்பக்கம் ஆள், பின்னால் மாளிகை, மூலையில் கொடி, மறுபக்கம் முழுக்க எழுத்து. எங்கள் கணிப்பில் ஒரு பெரிய தொகுதியில் நாலில் ஒரு பங்குதான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தகுந்தது. ஆகவே முழுத் தொகுதிதான் வேண்டும் என்று நிற்காதீர்கள். உடைந்த தொகுதியிலிருந்து தனித்தனியாக விற்கப்படுபவற்றில் கண்ணுக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கி எடுப்பது மலிவும், மனநிறைவும்.

உயர்ந்த புடைப்பு வேண்டுமென்றால் இவற்றில் தேடவேண்டாம். நாணயம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படவேண்டும். பதக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பிராங்ளின் மின்ற் நாணயத்தை ஒட்டிய தட்டையான புடைப்பில்தான் பெரும்பாலும் நின்றது.

விலைக் கணக்கு

வாங்குவதற்கு முன் இரண்டு எண் எழுதிக்கொள்ளவேண்டும். ஒன்று, உள்ளே இருக்கும் வெள்ளியின் பெறுமதி. மற்றது, பதக்கம் உங்கள் கைக்கு வந்து சேரும்போது ஆகும் முழுச் செலவு: விலை, தபால், சுங்கம், வங்கி அட்டையின் நாணயமாற்றுக் கழிவு எல்லாம் சேர்த்து. முதல் எண்ணுக்குக் கணக்கு இது: அன்றைய உலகச் சந்தை அவுன்ஸ் விலையை டொலரின் ரூபாப் பெறுமதியால் பெருக்கி 31.1035 ஆல் (வெள்ளிச் சந்தையின் ஓர் அவுன்ஸில் உள்ள கிராம்) வகுத்தால் ஒரு கிராம் தூய வெள்ளி விலை. அதைப் பதக்கத்தின் நிறையாலும் 0.925 ஆலும் பெருக்குங்கள்.

உதாரணத்துக்குக் கிராம் 500 ரூபா என்று வைத்துக்கொண்டால், 25 கிராம் பதக்கத்தில் 11,562 ரூபா வெள்ளி இருக்கிறது. எல்லாச் செலவும் சேர்த்து 14,000 ரூபாவுக்குக் கைக்கு வருகிறது; விற்கும்போது கடைக்காரர் வெள்ளிப் பெறுமதியில் 85 வீதம் தருகிறார் என்றால் 9,828 ரூபா. இடையில் போகும் 4,172 ரூபாதான் நீங்கள் ரசனைக்குக் கொடுத்த காசு. அந்தத் தொகை உங்களுக்குச் சம்மதமென்றால் தயங்காமல் வாங்குங்கள். திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்கிறீர்கள். அதே பதக்கத்துக்கு 25,000 ரூபா கேட்டால், வெள்ளி இரண்டரை மடங்குக்கு மேல் ஏறினால்தான் கைக்காசு தேறும். பெட்டியோடு இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக அந்த வித்தியாசத்தைக் கொடுக்கத் தேவையில்லை. பெட்டியும் சான்றிதழும் இருந்தால் விற்பது சுலபமாகும். விலை பெரிதாக ஏறாது.

பதக்கங்களின் விட்டம் பெரும்பாலும் 39 மில்லிமீற்றர் மட்டில் இருந்தாலும், அளவும் நிறையும் தொகுதிக்குத் தொகுதி மாறும். விற்பவர் நிறையைச் சொல்லாவிட்டால் கேளுங்கள். தராசில் வைத்த படம் கேளுங்கள். "பெட்டியோடு மூன்று கிலோ" என்பது பதில் அல்ல. அந்த மூன்று கிலோவில் மரப்பெட்டியும் தடித்த அட்டை அல்பமும் பாதிக்கு மேல் இருக்கலாம்.

வெள்ளிதானா என்று பார்ப்பது

போலியைவிடக் குழப்பம்தான் இங்கே பெரிய ஆபத்து. ஒரே வடிவத்தை ஸ்ரேளிங்கிலும் வெண்கலத்திலும் வெள்ளீயக் கலவையான பியூற்றரிலும் நிக்கல் சில்வரிலும் அடித்திருக்கிறார்கள். நிக்கல் சில்வர் என்பது எங்கள் வீடுகளில் ஜேர்மன் சில்வர் என்று சொல்லுகிற அதே உலோகம்: செம்பு, நாகம், நிக்கல். ஒரு துளி வெள்ளியும் இல்லை. படத்தில் வெண்கலம் தவிர மற்ற மூன்றும் வெள்ளைதான். எனவே முகப்புப் படத்தை விட்டுவிட்டு விளிம்புப் படத்தைக் கேளுங்கள். ஸ்ரேளிங் பதக்கத்தின் விளிம்பில் நாணயச்சாலையின் குறியோடு 'ஸ்ரேளிங்' என்ற சொல் ஆங்கிலத்தில் மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். லண்டனில் அடிக்கப்பட்டவையாக இருந்தால் பிரித்தானிய ஹோல்மார்க் (தூய்மையைச் சோதித்துப் பொறிக்கும் முத்திரை) இருக்கும்: நடக்கும் சிங்கம் ஸ்ரேளிங்கைக் குறிக்கும், சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும், கூடவே ஆண்டுக்கான எழுத்து. சிறுத்தைக்குப் பதில் நங்கூரம் இருந்தால் பேர்மிங்ஹாம். இந்தக் குறி இருப்பதுதான் மிகப் பலமான உறுதி.

குறி தேய்ந்திருந்தால் அடர்த்தியைப் பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் டிஜிற்றல் தராசு போதும். முதலில் உலர்ந்த பதக்கத்தை நிறுங்கள். பிறகு ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீரை விட்டுத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பதக்கத்தை மெல்லிய நைலோன் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல், முழுதாக நீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த நிறையை வகுத்தால் அடர்த்தி. ஸ்ரேளிங்குக்கு 10.3 ஐ ஒட்டி வரவேண்டும். 25.00 கிராம் பதக்கம் 2.41 கிராம் மட்டில் காட்டும். நிக்கல் சில்வரும் வெண்கலமும் 8.8 ஐ ஒட்டி வரும். அதே 25 கிராம் 2.84 கிராம் காட்டும். பியூற்றர் இன்னும் கீழே, 7.3. எண் கொஞ்சம் குறைவாக வந்தால் உடனே போலி என்று முடிவெடுக்கவேண்டாம்: எழுத்துகளின் இடுக்கில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தாலும் அடர்த்தி குறைவாகத்தான் வரும். மெதுவாக ஆட்டிக் குமிழை விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் காய்ந்து, கண்ணாடித் தளத்தில் வட்ட வட்டமாக நின்றுவிடும். முடிந்தபின் மென்துணியின்மேல் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். துடைக்கக்கூடாது.

நகைக்கடைக்குக் கொண்டுபோனால் உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். அது அவர்களின் வழக்கமான முறை, தவறில்லை. ஆனால் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அதைப் புரூஃப் பதக்கம் என்று யாரும் எடுக்கமாட்டார்கள். உலோகத்தை எக்ஸ்ரேயால் பார்க்கும் கருவி இருக்கிற கடையாகக் கேட்டுப் போங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். செம்பும் வெண்கலமும் கூட ஒட்டாது.

பொன்முலாம் பூசிய தொகுதிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. '24 காரட்' என்று பெட்டியில் எழுதியிருப்பது மேலே இருக்கும் படலத்தைப் பற்றியது. உள்ளே ஸ்ரேளிங் இருந்தால் வெள்ளிக்கு மட்டும் விலை போடுங்கள். உள்ளே செம்போ பித்தளையோ என்றால் 25 கிராமில் உள்ள உலோகம் நூறு ரூபா மட்டில்தான் பெறும். அப்படிப்பட்டதைப் புதிதாகப் பல ஆயிரம் கொடுத்து வாங்கச் சொல்லும் விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. எங்கள் தீர்ப்பு: வேண்டாம்.

திருகோணமலைக் காற்றும் வெள்ளியும்

வெளிநாட்டில் எழுதப்படும் பராமரிப்புக் குறிப்புகள் இங்கே போதாது. நகரத்தின் இரு பக்கமும் கடல். டச்சுக் குடாப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் உப்பு, பின்புறக் குடாப் பக்கம் திறந்தாலும் உப்பு. வாடைக் காலத்தில் மாதக்கணக்கில் ஈரம். வெள்ளியைக் கறுப்பாக்குவது காற்றில் உள்ள கந்தகச் சேர்வைகள்; ஈரம் அந்த வேலையை விரைவாக்கும். ஸ்ரேளிங்கில் நூற்றுக்கு ஏழரைப் பங்கு செம்பு. உப்பு அந்தச் செம்பில் பச்சை பிடிக்க வைக்கும். விரல் ரேகை இன்னொரு எதிரி. வியர்வை பட்ட இடம் முதலில் தெரியாது; பிறகு ரேகை வரி வரியாகப் பழுப்பாக எழும்பி நிரந்தரமாகத் தங்கிவிடும். விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மாப் பூசாத நைற்றைல் கையுறை நல்லது.

பழைய பெட்டிகளே சிலவேளை கேடு செய்கின்றன. சில அல்பங்களில் பதக்கம் கடினமான பிளாஸ்ரிக்கில் இருக்கும்; அது அனேகமாகப் பிரச்சினையில்லை. வளைந்து கொடுக்கும் மென்மையான பிளாஸ்ரிக் உறையாக இருந்து, திறந்தவுடன் புது றெக்சின் மணம் வந்தால் பி.வி.சி என்று சந்தேகப்படுங்கள். அதை உறுதிசெய்ய, ஒரு செம்புக் கம்பியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, உறையின் ஒரு துணுக்கில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுவாலை பச்சையானால் பி.வி.சி. வெளியில் வைத்துச் செய்யுங்கள். புகையை மூச்சில் எடுக்கவேண்டாம். பி.வி.சி பழுதாகும்போது அமிலத்தை விடும். அதனால்தான் பதக்கத்தின்மேல் பிசுபிசுப்பாகப் பச்சை படிகிறது.

அந்தப் பச்சைக்கு மருந்து தூய அசற்றோன். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை அதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் பதக்கம் மூழ்க விட்டு, மூடி, சில மணித்தியாலம் ஊறவிடுங்கள். பிறகு வேறு கிண்ணத்தில் புது அசற்றோனில் ஒருமுறை அலசி எடுத்துத் தானாகக் காயவிடுங்கள். தேய்ப்பதே கூடாது. அசற்றோன் சட்டென்று தீப்பிடிக்கும். குசினியிலும் சாமி விளக்குக்குப் பக்கத்திலும் வேண்டாம். எனாமல் வண்ணமோ வார்னிஷோ பூசிய பதக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், பூச்சு கழன்றுவிடும். பச்சை உலோகத்தைத் தின்று குழி விழுத்தியிருந்தால் அந்தக் குழி அப்படியே இருக்கும்.

எங்கள் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கையும் குங்குமச் சிமிழையும் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்போம். பூசைச் சாமானுக்கு அது நல்ல முறை. புரூஃப் பதக்கத்துக்கு அது முடிவு. திருநீறு மிக நுண்ணிய துகள்தான், ஆனாலும் கண்ணாடித் தளத்தில் ஆயிரம் மெல்லிய கோடுகளை விடும். மேசை விளக்கைச் சரித்துப் பிடித்தால் துணி போன பாதை முழுவதும் தெரியும். உருவத்தின் மங்கல் வெண்மையும் தேய்ந்து, தளமும் உருவமும் ஒரே நிறமாகிவிடும். புளி, பற்பசை, கடையில் விற்கும் வெள்ளி மெருகு எல்லாவற்றுக்கும் இதே பதில். விளிம்பிலிருந்து உள்ளே மெதுவாகப் பரவும் பொன்னும் நீலமுமான நிறம் பழுதல்ல. அதை விரும்பி எடுக்கிறவர்களும் உண்டு. விட்டுவிடுங்கள்.

வைக்கும் முறை எளிது. ஒவ்வொன்றையும் அக்ரிலிக் சிமிழில் அல்லது பொலியெஸ்ரர் உறையில் போடுங்கள். நான்கு பக்கமும் பூட்டுகிற, காற்றுப் புகாத பொலிப்ரொப்பிலீன் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுங்கள். ஐந்து லீற்றர்ப் பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போதும். செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். மாறியதும் கேக் சுடும் அவன் அடுப்பில் 110 முதல் 120 பாகை செல்சியசில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். கச்சான் காற்று வீசும் காலத்தில் அவ்வளவு தேவைப்படாது. வாடை தொடங்கினால் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். றப்பர் வளையம், பூச்சியுருண்டை, கம்பளித் துணி எதுவும் உள்ளே வேண்டாம். முதலிரண்டில் ஒன்று கந்தகம் விடும், மற்றது பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும். கம்பளியிலும் கந்தகம் உண்டு. ஏசி அறையில் வைத்திருந்த பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுவந்ததும் திறந்தால் குளிர்ந்த வெள்ளியில் நீர் பூக்கும். பெட்டி வெளிச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்துத் திறக்கவும். மூலப் பெட்டியையும் சான்றிதழையும் எறியாமல் வேறு உறையில் வைத்திருங்கள்.

இதே காசுக்கு வேறு என்ன?

வெள்ளிதான் நோக்கமென்றால் இந்திய நகைக்கடைகளிலும் எம்.எம்.ரி.சி பாம்ப் போன்ற சுத்திகரிப்பாளர்களிடமும் விற்கும் 999 வெள்ளி லட்சுமி, பிள்ளையார் 'நாணயங்கள்' மேல். பெயர் நாணயமென்றாலும் இவையும் தனியார் பதக்கங்களே. நிறையும் தூய்மையும் முகப்பிலேயே எழுதியிருக்கும், நகைக்கடைக்காரருக்கும் விளங்கும். ரசிக்க அதிகம் இல்லை.

விற்பனையும் ஓரளவு நடக்கவேண்டும், கையில் அதே 925 வெள்ளியும் இருக்கவேண்டும் என்றால் 1957 இல் புத்த ஜயந்திக்காக இலங்கையில் வெளியான 5 ரூபா நாணயத்தை எடுங்கள். 28.28 கிராம் ஸ்ரேளிங். அது அரச நாணயம். உலக நாணயப் பட்டியல்களில் இருக்கிறது. நாடு நாடாகச் சேர்க்கிறவர்கள் அதைத் தேடுவார்கள். பதக்கத்துக்கு அந்த வாசல் இல்லை.

சிற்பம்தான் வேண்டுமென்றால் நியூயோர்க்கில் தொடங்கிய மெடலிக் ஆர்ட் நிறுவனம் 1930 முதல் 1995 வரை 'சொசைற்றி ஒஃப் மெடலிஸ்ற்ஸ்' தொடருக்காக அடித்த வெண்கலப் பதக்கங்களைத் தேடுங்கள். பெரும்பாலும் 73 மில்லிமீற்றர் அளவில் இருப்பதால் உள்ளங்கை நிறையும். புடைப்பு உயரம் என்பதால் ஒரே அடியில் வராது. அடித்து, உலையில் பதமாக்கி, மறுபடி அடிக்கவேண்டும். முதலாவதை லோறா கார்டின் பிறேசரும் இரண்டாவதை போல் மான்ஷிப்பும் வடித்தார்கள். உலோகப் பெறுமதி மிகக் குறைவு. ஆனாலும் சிற்பியின் பெயருக்காகத் தேடி வாங்குகிறவர்கள் இருப்பதால், கணக்கில் பிராங்ளின் மின்ற் வெள்ளியைவிட இந்த வெண்கலம் தன் விலையைக் காப்பாற்றும். கடற்காற்றில் வெண்கலத்தைக் கவனமாகப் பார்க்கவேண்டும்: வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால் அது உப்பால் வந்த நோய், உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கடல், கப்பல் என்று ஊரோடு ஒட்டிய விடயம் வேண்டுகிறவர்களுக்கு லண்டன் ஜோன் பிஞ்சஸ் நிறுவனம் மவுண்ட்பேற்றன் பெயரில் வெளியிட்ட பிரித்தானியக் கடல் வரலாற்றுத் தொகுதி இருக்கிறது. அதுவும் விற்பனையில் வெள்ளி விலையோடுதான் நிற்கும். எங்களைக் கேட்டால் அதற்கு முன் ஒன்றைத் தேடச் சொல்லுவோம்: பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனுக்காக ஓகுஸ்தின் துப்ரே வடித்த 1784 ஆம் ஆண்டுப் பதக்கம். 1782 ஓகஸ்ற் இறுதியில் சுஃப்ரன் பிரித்தானியரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினார். செப்ரெம்பர் 3 இல் இங்கேயே கடலில் அட்மிரல் ஹியூஸின் கப்பல்களோடு மோதினார். ப்ரொவோன்ஸ் மாகாண சபை அவருக்குக் கொடுத்த அந்தப் பதக்கத்தின் பின்பக்கத்தில் வரி வரியாக அவரின் வெற்றிகள்: தென்னாபிரிக்காவின் கேப் காக்கப்பட்டது, திருகோணமலை பிடிக்கப்பட்டது, கடலூர் விடுவிக்கப்பட்டது, இந்தியா காக்கப்பட்டது, ஆறு புகழ்பெற்ற போர்கள். எங்கள் ஊரின் பெயர் பொறித்த பதக்கம் என்பதால் மட்டும் சொல்லவில்லை. எழுத்தின் ஒழுங்கும் இடைவெளியும் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. இது தனியார் வெளியீடு அல்ல. சந்தையில் வருவது பெரும்பாலும் பரிஸ் அரச நாணயச்சாலை பின்னாளில் மறுபடி அடித்தவை. காலத்தை விளிம்புக் குறி சொல்லும்: சுட்டும் கை இருந்தால் 1845 முதல் 1860 வரை, தேனீ இருந்தால் 1860 முதல் 1880 வரை, மலரும் கனியும் வழியும் கொம்பு இருந்தால் 1880 க்குப் பின். கொம்புக் குறியுள்ள வெண்கலத்தை 18ஆம் நூற்றாண்டுச் சாமான் என்று விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

விற்கவேண்டி வந்தால்

அடகு வைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். வங்கியும் அடகுக்கடையும் தங்கத்துக்குத்தான் காசு கொடுக்கும், பவுண் கணக்குத்தான் அங்கே கணக்கு. நகரத்து நகைக்கடையில் பதக்கம் 'பழைய வெள்ளி' ஆகிவிடும். கழிவு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், பிறகு அவரின் தராசில் உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள், 0.925 ஆல் பெருக்கினாரா என்று பாருங்கள். ஸ்ரேளிங்கை 80 வீத வெள்ளி என்று மட்டம் தட்டுவதும் நடக்கும். அங்கேதான் விளிம்புக் குறியின் படமும் நீங்கள் எடுத்த அடர்த்திக் கணக்கும் கைகொடுக்கும். தொகை பெரிதென்றால் கொழும்புச் செட்டியார் தெருவில் இரண்டு மூன்று கடையில் விலை கேட்பது பயணச் செலவுக்குத் தகும். ஒன்றிரண்டு பதக்கத்துக்குத் தகாது.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்பதென்றால் தபால், காப்புறுதி, விற்பனை இணையத்தளத்தின் கழிவு எல்லாம் கழித்துப் பாருங்கள். 25 கிராம் வெள்ளிக்கு அது கட்டுப்படியாகாது. உறவினர் யாராவது திரும்பிப் போகும்போது கொடுத்து அங்கேயே விற்பிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கொண்டுபோகிறவரிடம் வாங்கிய பற்றுச்சீட்டையும் நிறைப் பட்டியலையும் கொடுத்துவிடுங்கள். விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தடித்த உலோகம் தெரிந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லுவார்கள். கைப்பையில், சிமிழோடு இருந்தால் பதக்கத்தில் யாரும் விரல் வைக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.